நம்ம பியானோ எவ்வளவுக்குப் போகும்

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள பெரியவளுக்கு,

"நம்ம பியானோ இப்ப எவ்வளவுக்குப் போகும்ப்பா?" என்று ஒரே வரி அனுப்பியிருக்கிறாய். இருபது நாளாக உன் குரல் கேட்காத வீட்டுக்கு வந்த செய்தி அது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள், அவளையும் அடக்கி வைத்திருக்கிறேன். நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

யார் வந்து என்ன தொகை சொன்னாலும் தலையாட்டிவிடாதே. பழைய சாமான் எடுப்பவர் தேக்குக்கும் இரும்புக்கும்தான் விலை சொல்வார். வாத்தியத்துக்குக் கணக்கு வேறு. வாங்குகிறவர் அதை வாசிக்கும்படி ஆக்க இன்னும் எவ்வளவு செலவழிக்க வேண்டுமோ, அதைக் கழித்தால் நிற்பதுதான் விலை. முன்னால் பொன்னெழுத்தில் இருக்கிற பேரை வைத்து எதுவும் பேசாதே. சில பியானோவில் அது விற்ற கடையின் பேராகவே இருக்கும். மேல்மூடியைத் தூக்கி, இரும்புச் சட்டத்தில் இருக்கிற வரிசை எண்ணைப் போட்டோ எடு. செய்த கம்பெனி தெரிந்தால் அந்த எண்ணை வைத்து வருஷத்தைப் பிடித்துவிடலாம்.

நம்முடையதில் விரலால் அழுத்துகிற கட்டை 85. இப்போது வருவது பெரும்பாலும் 88. மேலே மூன்று குறைகிறதென்று விலையை இறக்கப் பார்ப்பார்கள், இடம் கொடுக்காதே. பிள்ளைகள் கற்றுக்கொள்கிற பாடங்கள் அவ்வளவு மேலே போகாது. தடித்த பேஸ் கம்பிகள் மற்றக் கம்பிகளின் மேல் குறுக்காகப் போகின்றன, கம்பியின் சத்தத்தை அடக்குகிற டாம்பர்கள், கம்பியைத் தட்டுகிற சுத்தியலுக்குக் கீழே இருக்கின்றன. இரண்டுமே நல்ல லட்சணம், தைரியமாகச் சொல். டாம்பர் சுத்தியலுக்கு மேலே, கம்பிக்கூண்டு மாதிரி இருக்கிற பழைய இங்கிலீஷ் பியானோ என்றால் ட்யூனர்கள் தொடவே யோசிப்பார்கள். கட்டைமேல் தந்தமா என்று கேட்பார்கள். தந்தமானால் அகலமான முன்துண்டும் ஒடுங்கிய பின்துண்டும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு ஓடும். நம்முடையதில் கோடு இல்லை, செல்லுலாய்டு. பேச்சுக்குக்கூடத் தந்தம் என்று சொல்லிவிடாதே. நம் நாட்டில் தந்தம் விற்பது குற்றம்.

ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அழுத்திப் பார். சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். மழை நாளில் ஒட்டிக்கொண்டால் பயமில்லை, ஈரத்தில் உள்துணியும் மரமும் உப்பியிருக்கும். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் துணி தேய்ந்திருக்கிறது, மாற்றிக்கொள்ளலாம். முன்பலகையைக் கழற்றிச் சுத்தியலின் மூக்கைப் பார். கம்பி பட்டுப் பட்டு மூன்று பள்ளம் விழுந்திருக்கும். சுத்தியலைச் சுற்றியிருக்கிற ஃபெல்ட், அதாவது கம்பளித் துணி, தடிமனாக இருந்தால் உப்புத்தாள் போட்டு உருவம் கொண்டுவந்துவிடுவார்கள். உள்மரம் தெரிந்தால் புதுச் சுத்தியல்தான். அந்து அரித்திருந்தால் ஃபெல்ட் தொட்டதும் உதிரும். அடிப்பலகையைத் திருப்புளியின் பிடியால் தட்டு, கரையான் தின்ற மரம் பொத்தென்று சொல்லும்.

பின்பக்கத்து சவுண்ட்போர்டில், அதாவது சத்தத்தைப் பெருக்குகிற பலகையில், ஒரு வெடிப்பு இருக்கிறது, உனக்குத் தெரியும். நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் மரம் சுருங்கிப் பிளந்தது. வாசிக்கும்போது இரைச்சல் இல்லாதவரை அது பெரிய குறையே இல்லை. கம்பிகள் ஏறிப்போகிற பிரிட்ஜில், ஆணி வரிசையில் பிளவு இருந்தால்தான் கவலை. அதை டார்ச் அடித்துப் பார்.

விலையை முடிவு செய்வது, கம்பியைச் சுற்றி இறுக்கியிருக்கிற ட்யூனிங் பின்தான். இருநூறுக்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 15 டன்னுக்கும் மேலே. அந்த இழுப்பை இரும்புச் சட்டம் தாங்கினாலும், வீணைப் பிரடை மாதிரி, பின் சுழலாமல் பிடித்து வைப்பது மரத்தின் பிடிமானம் ஒன்றுதான். போனில் சுருதி காட்டுகிற ஆப் வைத்து நடு 'ஏ' கட்டையைத் தட்டு. 440 ஹெர்ட்ஸ் வர வேண்டும். 415 காட்டினால் அரைச் சுருதி இறங்கியிருக்கிறது. பல வருஷம் ட்யூன் செய்யாவிட்டால் இறங்கத்தான் செய்யும், இரண்டு தடவை ஏற்றினால் நிற்கும். ஏற்றிய சில நாளில் திரும்ப இறங்கினால் மரம் பிடியை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

நம்முடையது நிற்காது, கண்ணு. நீ ஓங்கி வாசித்ததால் இல்லை.

நீ பன்னிரண்டாவது படித்த வருஷம், துரு ஏறுகிறதென்று தையல் மெஷின் எண்ணெயை ஒவ்வொரு பின்னின் அடியிலும் சொட்டுச் சொட்டாக விட்டவன் நான். பின்னைப் பிடித்திருக்கிற மரப்பலகைக்குள் எண்ணெய் இறங்கினால் பின் வழுக்கும். எனக்கு அது தெரியாது. சுருதி நிற்காதபோது, "முரட்டுத்தனமா அடிக்கிற" என்று உன்னைத்தான் திட்டினேன். அப்புறம் வந்த ட்யூனர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்ததுமே சொல்லிவிட்டார். அன்று நீ ஸ்கூலில் இருந்தாய். சாயங்காலம் வந்தபோது நான் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. நீ அன்றிலிருந்து கட்டையைத் தடவுகிற மாதிரி வாசிக்க ஆரம்பித்தாய், சர்ச்சிலும்கூட. அதை இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பின்னைச் சுற்றிக் கருத்த வளையம் தெரியும், அதுதான் எண்ணெய். வாங்க வருகிறவரிடம் மறைக்காதே. ஒரு அளவு பெரிய பின் போட்டால் சில இடத்தில் பிடிக்கும். பலகை முழுக்க ஊறியிருந்தால் அதை மாற்றுகிற செலவு பியானோவின் விலையைத் தாண்டிவிடும். அதனால் குறைவாகத்தான் போகும். அந்தக் குறைகிற தொகை என் பொறுப்பு. எவ்வளவு வேண்டுமென்று சொல், பியானோ அங்கேயே இருக்கட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் தேவலை. சனிக்கிழமை காட்பாடியில் பிருந்தாவன் ஏறி மத்தியானம் வந்துவிடுவேன். திருப்புளியும் டார்ச்சும் எடுத்து வருகிறேன். அதுவரை யாரிடமும் விலை பேசாதே. அன்றைக்கு மாப்பிள்ளை வீட்டில் இருப்பாரா என்று மட்டும் எழுது.

அப்பா