மண்டபத்துக்குள் பெரிய ஃபிளாஷ்: சித்தூர் தாலுகா மண்டப உரிமையாளர்களுக்கும் விழாக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் திருமண மண்டபங்களும் ஆடிட்டோரியங்களும் நடத்திவரும் உரிமையாளர்களுக்கும், கோயில் விழாக் குழுவினருக்கும் வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் வட்டாரத்திலும், எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கத்திலும் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். நம் பகுதி மண்டபங்கள் சிலவற்றில் அண்மைக்காலமாக, பெரிய ஃபிளாஷ் கொண்டுவரக் கூடாது என்று முன்பதிவுத் தாளிலேயே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். விழாக் குழுக்கள் சிலவும் இதே விதியைப் பின்பற்ற நினைப்பதாகக் கேள்விப்படுகிறேன். இது எதனால் வந்தது என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. மேடைக்கு முன்னால் நான்கைந்து பேர் நின்றுகொண்டு மாற்றி மாற்றி முகத்துக்கு நேரே அடித்தால், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொள்வதும், மடியில் தூங்கும் குழந்தை விழித்து அழுவதும், மறுநாள் மண்டபத்துக்கே புகார் வருவதும் நடப்பவைதான். ஆனால் தாங்கள் விதித்திருக்கும் தடை கருவியின் பருமனைப் பார்த்து விதித்தது. கண் கூசுவதற்குக் காரணம் ஒளி எந்தத் திசையில் வருகிறது, எவ்வளவு சிறிய பரப்பிலிருந்து புறப்படுகிறது என்பவையே ஆகையால், இந்தத் தடை தொல்லையை அப்படியே விட்டுவிட்டு, தொல்லையைத் தவிர்க்க உதவும் கருவியை வெளியே நிறுத்துகிறது.

சற்று விளக்கமாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். ஃபிளாஷின் வலிமையைக் கைடு நம்பர் என்ற எண்ணால் குறிப்பது வழக்கம். அந்த எண்ணை லென்ஸின் திறப்பைக் குறிக்கும் எஃப் எண்ணால் வகுத்தால், கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100இல் இருக்கும்போது ஒளி எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரிந்துவிடும். கேமராவிலேயே பொருத்தி வரும் சிறிய ஃபிளாஷுக்கு இது 12 அளவில் இருக்கும். 2012இல் வந்த கேனான் 600இஎக்ஸ்-ஆர்டி போன்ற ஒன்றுக்கு 60 என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆனால் அது ஃபிளாஷின் தலையை 200 மில்லிமீட்டர் ஜூமுக்குக் குவித்து வைத்தால் கிடைக்கும் எண். மேடையில் குடும்பத்தோடு நிற்பவர்களை எடுக்கும் 35 மில்லிமீட்டரில் அதுவே 36தான். புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இப்போது அந்த 36ஐ மண்டபத்துக்குள் கொண்டுவருவோம். ஃபிளாஷின் தலையைக் கூரையை நோக்கித் திருப்பினால், ஒளி மேலே போய், வெள்ளைக் கூரையில் பட்டுப் பரவி, மணமக்கள் மேல் இறங்க ஏறக்குறைய 7 மீட்டர் பயணம் செய்கிறது. போகிற வழியில் முக்கால் பங்கு ஒளி கூரையிலும் சுற்றிலும் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். எஃப் 4, ஐஎஸ்ஓ 1600 என்ற அமைப்பில் கணக்குப் போட்டால், அந்தப் பெரிய ஃபிளாஷில் கால் பங்குக்கும் குறைவான ஆற்றலிலேயே படம் நிறைவாக விழுந்துவிடும். கேமராவோடு வரும் சிறிய ஃபிளாஷ் முழு மூச்சாக எரிந்தாலும் இதற்குப் போதாது. போதாததோடு, அதன் தலையை மேலே திருப்பவும் முடியாது. ஆகவே பெரியதைத் தடுத்தால் மிஞ்சுவது, சிறியதை நேராக முகத்தில் அடிப்பது ஒன்றே. மூலத்தறை அணையில் தண்ணீர் திறப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை: அணை நிறைந்து நிற்பதால் வயல் மூழ்குவதில்லை, ஷட்டரை எவ்வளவு தூக்குகிறோம் என்பதைப் பொறுத்ததே எல்லாம். பெரும்பாலான பெரிய ஃபிளாஷ்களில் அந்த ஷட்டரை முழு ஆற்றலிலிருந்து 128இல் ஒரு பங்கு வரை இறக்கலாம்.

முழு ஆற்றல் தேவைப்படாமல் இருப்பதே பெரிய ஃபிளாஷின் முதல் நன்மை என்று சொன்னால் விந்தையாக இருக்கும். நான்கு பென்சில் செல்லில் ஓடும் ஃபிளாஷ் முழு ஆற்றலில் ஒருமுறை எரிந்துவிட்டால், உள்ளே இருக்கும் மின்தேக்கி மறுபடி நிறைய மூன்று முதல் ஐந்து விநாடி ஆகலாம். கெட்டிமேளம் கொட்டி, மூன்று முடிச்சும் விழுந்து, நாத்தனார் கை விலகுவதற்குள் அந்த ஐந்து விநாடி போய்விடும். கால் பங்கு ஆற்றலில் எரிகிற ஃபிளாஷோ அடுத்த படத்துக்கு உடனே தயாராகிறது, சூடும் ஏறுவதில்லை, செல்லும் வரவேற்பு வரை தாங்குகிறது.

படத்தில் தெரியும் வேறுபாட்டையும் பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரே மேடையில் கூறைப்பட்டும் நிற்கும், கசவுச் சேலையும் நிற்கும். நேராக அடித்த ஃபிளாஷில், சந்தன வெண்மையான கசவுத் துணி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட, அதன் ஜரிகைக் கரை மட்டும் கறுத்துத் தெரியும். ஜரிகை உலோகம் ஆகையால், கேமராவின் பக்கம் அது திருப்பிக் காட்டுவது ஒளியை அல்லாமல் எதிரிலுள்ள இருட்டை. நெற்றிச் சுட்டியிலும் ஒட்டியாணத்திலும் ஊசி முனை போன்ற வெள்ளைப் புள்ளிகள் விழும். நெற்றி வியர்வை எண்ணெய் தடவியதுபோல் மின்னும். கூரையிலிருந்து இறங்கும் ஒளியிலோ, கூரை முழுவதும் விளக்காகி ஜரிகைக்குள் தெரிவதால், பொன் பொன்னாகவே விழுகிறது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆல்பத்தைக் கையில் வாங்கியவுடன் முதலில் பார்ப்பது இதைத்தான்.

வெளியிலோ நிலைமை வேறு. கொல்லங்கோட்டு வயல்வெளியில் உச்சி வெயிலில் மணமக்களை நிறுத்தி எடுக்கச் சொல்லும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. (மாலை நான்கு மணி வரை பொறுக்கச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, பந்தி முடிந்த கையோடு கிளம்பிவிடுகிறார்கள்.) அந்த வெயிலில் கண்குழியில் விழும் நிழலை நிரப்ப, ஐஎஸ்ஓ 100, எஃப் 11 என்று வைத்தால், கைடு நம்பர் 36 உள்ள ஃபிளாஷ் மூன்றேகால் மீட்டருக்கு மேல் எட்டாது. ஷட்டர் வேகத்தை 200இல் ஒரு விநாடிக்கு மேல் ஏற்ற நினைத்தால், பெரும்பாலான கேமராக்களில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக எரியாமல் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும் ஹை-ஸ்பீட் சிங்க் என்னும் முறைக்குப் போக வேண்டும். அதில் ஆற்றல் இன்னும் சரிந்துவிடும். இப்படிப்பட்ட இடத்துக்காகத்தான் 200 வாட்-செகண்ட் ஆற்றலுள்ள ஃபிளாஷ்களைச் சுமக்கிறோம். கேமரா மேல் வைக்கும் சாதாரண ஃபிளாஷ் 60, 80 அளவோடு நின்றுவிடும். மண்டபத்து வாசலில் எங்கள் பையைத் திறந்து பார்த்து, பெரிதாக இருக்கிறது என்று தடுக்கப்படுவது பெரும்பாலும் வயலுக்காகக் கொண்டுவந்த இந்தக் கருவியே.

குறைகளை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. பெரிய ஃபிளாஷைக் கேமரா மேல் ஏற்றினால் செல்லோடு சேர்ந்து அரைக் கிலோ வரை கூடும். நாள் முழுவதும் தூக்குபவனின் மணிக்கட்டுக்குத்தான் அது தெரியும், அது எங்கள் பாடு. தங்களைப் பாதிப்பவை வேறு. ஒளியை மென்மையாக்கும் குடை அல்லது சாஃப்ட்பாக்ஸ் மாட்டிய ஸ்டாண்டைப் பந்திக்குப் போகும் வழியில் நிறுத்தினால், ஓடும் குழந்தை காலில் தட்டி அது சாய வாய்ப்புண்டு. மணல் மூட்டை வைக்காத ஸ்டாண்டைத் தாங்கள் தயங்காமல் அகற்றச் சொல்லலாம். ஃபிளாஷுக்குள் இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கும், சுவிட்சை அணைத்த பின்னும் அது உடனே இறங்காது. ஆகவே பழுதான ஃபிளாஷைப் பந்தலுக்குள் உட்கார்ந்து பிரித்துப் பார்க்க யாரையும் விடக் கூடாது. அருகில் நிற்பவருக்கு ஒளி பல மடங்கு என்பதும் உண்மை: மூன்று மீட்டரில் நிற்கும் மணமகளுக்கென்று நேராக அடித்த ஒளி, குறுக்கே ஒரு மீட்டரில் நிற்கும் சிறுவனின் கண்ணில் ஒன்பது மடங்காக விழும். விட்டுவிட்டு வேகமாக மின்னும் ஒளி, அதனால் வலிப்பு தூண்டப்படக்கூடியவர்களுக்கு ஆபத்தானது; ஃபிளாஷில் உள்ள அந்த முறையை மண்டபத்தில் பயன்படுத்த ஒரு தேவையும் இல்லை. ஃபிளாஷைத் தடுக்கும் சில மண்டபங்களிலேயே வரவேற்பு மாலையில் மேடையோரம் ஸ்ட்ரோப் விளக்கு வெட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இந்த இடத்தில் குறித்து வைக்கிறேன்.

வீடியோ எடுப்பவர்களின் வருத்தம் தனி. இன்றைய கேமராக்களில் பெரும்பாலானவை ஒரு காட்சியை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிவதால், நடுவில் ஃபிளாஷ் எரிந்தால் படத்தின் ஒரு பாதி மட்டும் வெளுத்துப்போகும். இதற்கு ஒரே வழி, தாலிகட்டு நேரத்தில் ஒரு தரப்புக்கு ஒருவர் மட்டும் ஃபிளாஷ் போடுவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது. இதைத் தாங்கள் விதியாக்கினால் நாங்கள் நன்றியோடு ஏற்போம். எங்களுக்குள் பேசி முடிவெடுக்கச் சொன்னால் அது முகூர்த்தத்துக்குள் முடியாது.

நிலவிளக்கு ஏற்றும் சடங்குக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய்த் திரியின் நிறம் ஏறக்குறைய 1900 கெல்வின், ஃபிளாஷின் நிறம் 5500 கெல்வினை ஒட்டியது (இந்த எண் குறையக் குறைய ஒளி செம்மஞ்சளாகும், கூடக் கூட நீலமாகும்). இரண்டையும் அப்படியே கலந்தால் விளக்கு வெளிறி, முகம் நீலம் பாய்ந்து நிற்கும். ஜெல் என்னும் ஒளிபுகும் ஆரஞ்சுத் தாளை ஃபிளாஷ் முகப்பில் ஒட்டி, ஆற்றலைக் கடைசி வரை குறைத்து, ஷட்டரை மெதுவாக்கினால் சமாளிக்கலாம். இருந்தாலும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஃபிளாஷை அணைத்துவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

விழாக் குழுவினரிடம் நான் கேட்பது இதற்கு நேர்மாறானது. யானை எழுந்தருளும் இடத்தில் ஃபிளாஷ் முழுவதுமாகத் தடை செய்யப்பட வேண்டும். அங்கே பெரியது சிறியது என்ற பேச்சே வேண்டாம், செல்போன் விளக்கும் அதில் அடங்கட்டும். மேளமும் வெடியும் கூட்டமும் ஏற்கெனவே நெருக்கும்போது, கண்ணுக்கு நேரே திடீரென்று எரியும் ஒளியை அந்த உயிர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று பாகனாலும் உறுதி சொல்ல முடியாது. படத்துக்கும் அதனால் லாபமில்லை. மலையாள மாதமான மீனம் 20இல் நடக்கும் நெம்மாரா–வல்லங்கி வேலா விழாவில், யானைகள் நிற்கும் ஆனப்பந்தலின் விளக்கு அலங்காரத்தைத் தூரத்திலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுப்பவர்களுக்குக் கிடைப்பது, முன்னால் நிற்பவர்களின் பின்தலை வெளுத்த படம் மட்டுமே. சந்நிதிக்குள்ளும் தடை நியாயம்தான். பல கோயில்களில் படம் எடுப்பதற்கே அனுமதியில்லை, அது அப்படியே இருக்கட்டும். கல்பாத்தித் தேர் போலத் திறந்த தெருவில் நடக்கும் விழாவில் அந்தி மயங்கும் நேரத்துக்கு மட்டும், தேர்வடம் பிடிப்பவர்களின் முகத்துக்கு நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து மெல்லிய ஒளியைச் சேர்க்க இடம் கொடுங்கள் என்பதே வேண்டுகோள்.

மண்டப உரிமையாளர்களுக்கு வருகிறேன். பருமனைத் தடுக்கும் வரியை எடுத்துவிட்டு, விருந்தினரின் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிக்கக் கூடாது, மேடைக்கு முன் இரண்டு ஸ்டாண்டுக்கு மேல் கூடாது, மணல் மூட்டை இல்லாமல் எதுவும் நிற்கக் கூடாது என்று எழுதி வையுங்கள். மீறுகிறவரின் முன்பணத்தில் பிடித்தம் செய்தாலும் எனக்கு மறுப்பில்லை. அதோடு, மேடைக் கூரையை ரோஜா நிறத்திலும் பச்சையிலும் துணி கட்டி மறைக்கும் அலங்காரக்காரர்களிடம், மணமக்கள் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயும் கொஞ்சம் முன்னேயும் வெள்ளைத் துணியாகவே விடச் சொல்லுங்கள். வண்ணத் துணியில் பட்டுத் திரும்பும் ஒளி அந்த நிறத்தையே முகத்தில் பூசிவிடுவதால்தான், கூரையை நம்ப வேண்டிய படக்காரர் வேறு வழியின்றி ஃபிளாஷை நேராகத் திருப்புகிறார். தகடு வேய்ந்த மிக உயரமான கூரையுள்ள ஆடிட்டோரியங்களில் கூரையிலிருந்து ஒளி வந்து சேராது. அங்கே மேடையின் பக்கச் சுவர்களில் ஒன்றை வெள்ளையாக விட்டாலே போதும்.

ஆடியும் மலையாளத்துக் கர்க்கடகமும் ஒரே காலத்தில் வருவதால் அந்த மாதம் எல்லைக்கு இருபுறமும் மண்டபங்கள் பெரும்பாலும் காலியாகவே இருக்கும். தங்களில் எவரேனும் ஒரு மாலைப் பொழுதில் மேடை விளக்குகளைப் போட்டு மண்டபத்தைத் திறந்துவிட்டால், நானும் தொழில் நண்பர்கள் இருவரும் எல்லா அளவு ஃபிளாஷையும் கொண்டுவருகிறோம். தாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, எது கண்ணைக் கூசச் செய்கிறது என்று பார்த்து, அதன்பின் விதியை எழுதிக்கொள்ளலாம். நாளும் நேரமும் தெரிவித்தால் போதும், மின்சாரச் செலவை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வட்டாரத்துக் கல்யாணப் படக்காரர் ஒருவர்