மோட்டார்க்காரருக்கும் ஒரு வானிலை அறிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் நாளிதழில் தினமும் ஒரு மூலையில் வானிலைக் கட்டம் வருகிறது. ஊர்ப் பெயர், பக்கத்தில் ஒரு மேகப் படம், 24, 32 என்று இரண்டு எண்கள். வருஷம் முழுக்க ஏறக்குறைய அதே எண்கள்தான். ஜனவரியில் போட்டதை எடுத்து ஆகஸ்ட்டில் ஒட்டினாலும் பினாங்கில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வெயில் எத்தனை டிகிரி என்பது நமக்குச் செய்தியே இல்லை. மழை எந்த நேரம், எந்தப் பக்கம், கூடவே காற்று உண்டா என்பதுதான் செய்தி. அது மட்டும் அந்தக் கட்டத்தில் கிடையாது.

என் மகள் ஆஸ்திரேலியாவில், மெல்பர்னுக்குப் பக்கத்திலுள்ள ஜீலோங்கில் குடியிருக்கிறாள். அங்கே ஆகஸ்ட் கடைசி என்றால் குளிர்காலம் முடியும் தறுவாய். தெற்குக் கடலிலிருந்து குளிர்காற்று முகப்பு, அதாவது முன்னேறி வரும் குளிர்காற்றின் முன் விளிம்பு, ஒன்று போனால் அடுத்தது வந்து நிற்கும், காற்றும் மழையுமாக. அந்த மாதிரி நாள்களில் அவள் எனக்கு அனுப்பும் வட்டார முன்னறிவிப்பைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. காலையில் காற்று வடமேற்கிலிருந்து வீசும், எப்போது வேகம் கூடும், முகப்பு கடந்ததும் தென்மேற்குக்கு மாறும், அப்புறம் குளிர் இறங்கும் என்று நாள் எப்படிப் போகும் என்பதையே வரிசையாகச் சொல்லிவிடுகிறார்கள். மழைக்கு வாய்ப்பு நூற்றுக்கு எத்தனை, பெய்தால் எத்தனை மில்லிமீட்டரிலிருந்து எத்தனை வரை, மலையில் பனி எந்த உயரம் வரை இறங்கும், எல்லாம் உண்டு. காற்று மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டி அடிக்கும் என்று தெரிந்தால் அதற்குத் தனி எச்சரிக்கை.

என்னை அசத்தியது அதுகூட இல்லை. செம்மறி ஆடு வளர்ப்பவர்களுக்கென்றே அங்கே ஓர் எச்சரிக்கை வருகிறது. அந்தப் பருவத்தில் ஆடுகள் குட்டி போட்டிருக்கும். குளிரும் மழையும் காற்றும் ஒன்றாகச் சேர்ந்தால் பிறந்த குட்டியும், புதிதாக ரோமம் கத்தரித்த ஆடும் விறைத்துச் செத்துப்போகும். ஆகவே இன்ன வட்டாரத்து மேய்ப்பர்களே, ஆடுகளை இழக்கும் அபாயம் இருக்கிறது என்று வானிலை அலுவலகமே சொல்கிறது. யாருக்கு அடி விழும் என்று யோசித்து எழுதிய அறிக்கை அது. அங்கே ஆட்டுக்குட்டிக்கு உள்ள மரியாதை இங்கே மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு இல்லையே என்று மகளிடம் சொன்னேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நமக்குக் குளிர்காற்று முகப்பு கிடையாது, சரி. ஆனால் அதே ஆகஸ்ட்டில் நமக்கு வேறொன்று இருக்கிறது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மழை குறைவான காலம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ராத்திரியில் சுமத்ராவின் மேலும் மலாக்கா நீரிணையின் மேலும் இடிமேகங்கள் வரிசை கட்டி, காற்றோடு கிழக்கே நகர்ந்து வந்து, விடியற்காலையில் மேற்குக் கரையில் மோதும். இந்த இடிமேக வரிசையைக் காரிஸ் பாடாய் என்று மலாயில் சொல்வார்கள். ஒன்று, இரண்டு மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிடும். பலமாக வந்தால் காற்று மணிக்கு 80 கிலோமீட்டர் வரைகூடப் போகும்.

பினாங்கின் தரைப் பக்கத்திலுள்ள பிறையில் சாலையோரம் காலைக் கடை போடுகிறவள் நான். வடை, தோசை, நாசி லெமாக். எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் தீவு. இருட்டில் பினாங்கு மலையின் விளக்குகள் திடீரென்று காணாமல் போனால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். முதலில் சில்லென்று ஒரு காற்று வரும். அந்த நிமிடமே கேஸை மூடி, எண்ணெய்ச் சட்டிக்குத் தட்டுப் போட்டுவிட வேண்டும். கொதிக்கும் எண்ணெயில் மழைத்துளி விழுந்தால் என்ன ஆகும் என்று வடை சுடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகுதான் கூடாரம். நான்கு காலிலும் தண்ணீர் நிரப்பிய பெயின்ட் வாளிகளைக் கட்டியிருக்கிறோம். அப்படியும் ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு நிற்போம், வாடிக்கையாளர் உட்பட.

எங்கள் பாடு பரவாயில்லை, ஓடி ஒதுங்கத் தரையாவது இருக்கிறது. அதே நேரத்தில்தான் தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் காலை ஷிப்டு ஆட்கள் மோட்டாரில் பினாங்குப் பாலம் ஏறுகிறார்கள். 13.5 கிலோமீட்டர் பாலம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்கு டோல் இல்லை, நல்லது. ஆனால் நடுப்பாலத்தில் காற்று பக்கவாட்டில் தள்ளினால் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. மழைக்கோட்டு காற்றை வாங்கிப் புடைத்துக்கொள்ளும், கண்ணாடியில் தண்ணீர், பக்கத்தில் லோரி. திரும்பவும் முடியாது, நிற்கவும் பயம். "அரை மணி நேரம் தள்ளிப் புறப்படுங்கள்" என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர்கள் கடையிலேயே இன்னொரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு நாள் தாமதத்துக்கு மேலதிகாரியிடம் காட்டவும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

காற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டாம். 2024 மே 7 அன்று கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார், 17 வாகனங்கள் நசுங்கின. அதே ஆண்டு செப்டம்பரில் பினாங்கில் காரின் மேல் மரம் விழுந்து சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் இருவர் மாண்டார்கள். அடுத்த நாள் எல்லாத் தமிழ் ஏடுகளிலும் படத்தோடு செய்தி வந்தது. அடுத்த நாள்!

தகவல் இல்லாமல் இல்லை. மலேசிய வானிலை ஆய்வுத் துறை, மாவட்ட வாரியாக, காலை, பிற்பகல், இரவு என்று பிரித்து ஏழு நாளுக்கு வெளியிடுகிறது. ஓரிரு இடங்களில் மட்டும் மழையா, பெரும்பாலான இடங்களிலா என்றும் அதில் இருக்கிறது. இடிமழை நெருங்கினால் அதற்கென்று தனி எச்சரிக்கை விடுகிறார்கள். மைசுவாச்சா என்ற செயலியிலும் பார்க்கலாம். பினாங்கு மாநிலத்தில் மாவட்டங்களே ஐந்துதான். தரைப் பக்கமான செபராங் பிறையின் மூன்று, தீவின் இரண்டு. ஐந்து வரி போட இடம் இல்லையா? மேகப் படத்தை எடுத்தாலே பாதி இடம் கிடைக்கும்.

எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறதே என்று கேட்பீர்கள். தொலைபேசியோடு வரும் வானிலைப் படம் நம் நாட்டுக்குத் தினமும் மின்னல் போட்ட மேகத்தையே காட்டுகிறது. தினமும் புலி வருகிறது என்றால் யார் ஓடுவார்கள்? அப்புறம், தமிழ் மட்டும் சரளமாகப் படிக்கிற என் மாமியார் வயதுக்காரர்கள் உங்கள் ஏட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருப்பதும் எனக்குத் தெரியும். இடிமழை எச்சரிக்கை ஆறு மணி நேரத்துக்கு மேல் செல்லாது. அச்சாகி எங்கள் கடைக்கு வருவதற்குள் விடியற்காலைக் காற்று அடித்து முடிந்துவிடும். ஆகவே அச்சில் மாவட்ட நிலவரமும், இந்த வாரம் காற்று எந்தப் பக்கம், எந்த வேளை என்று இரண்டு வரியும் போதும். எச்சரிக்கையை உங்கள் முகநூல் பக்கத்தில் உடனே போடுங்கள். நடிகர் வீட்டுக் கல்யாணம் ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிற பக்கம்தானே அது. மணி, மாவட்டம், "பாலத்தில் மோட்டார்க்காரர்கள் கவனம்", "கூடாரக் கடைக்காரர்கள் கவனம்", இவ்வளவு எழுத ஒரு நிருபர் தனியாக வேண்டாம்.

அக்டோபரில் பருவம் மாறத் தொடங்கும். அப்போது இடிமழை பிற்பகலுக்கும் மாலைக்கும் போய்விடும். நாங்கள் தப்பித்துக்கொள்வோம், பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை வியாபாரிகள் மாட்டிக்கொள்வார்கள். அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பிறையிலிருந்து ஒரு வாசகி