மத்தீஸின் ஒற்றைக் கோட்டுக்கு முன்னால் சார்க்கோல்

ஆசிரியருக்கு,

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் தன் மாடல் லிடியா டெலெக்டோர்ஸ்கயாவை வரைந்த பேனா ஓவியங்கள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்று. ஆனால் 'திருத்தமே இல்லாமல் ஒரே இழுப்பில் வந்த முகம்' என்பது பாதி உண்மைதான். பேனாவுக்கு முன்னால் சார்க்கோலில் (கரிக்குச்சியில்) அதே மாடலை ஆற அமர வரைந்து பார்த்துவிடுவார். 1939-இல் அவரே இதை எழுதியிருக்கிறார். 1943-இல் வெளிவந்த 158 படங்கள் கொண்ட அவருடைய தொகுப்பும் அப்படித்தான்: வரிசை வரிசையாக, பெரும்பாலும் முதலில் ஒரு சார்க்கோல் படம், அதிலிருந்து பிறந்த கோட்டோவியங்கள் அடுத்தடுத்து.

இது தெரியாததால்தான் ஓவிய வகுப்புகளில் முதல் நாளே மாணவர் கையில் மைப்பேனாவைக் கொடுத்துவிடுகிறார்கள்.

குச்சியைச் சுட்டுச் செய்யும் சார்க்கோலில் பசை கிடையாது. தூள் காகிதத்தின் சொரசொரப்பில் சும்மா ஒட்டியிருக்கும். துணியால் தட்டினால் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சும் சாம்பல் தடம்தான் லாபம்: மூக்கை முதலில் எங்கே வைத்தோம், எவ்வளவு நகர்த்தினோம் என்று அது காட்டும். கடையில் 'கம்ப்ரஸ்டு' வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பசை சேர்த்து அழுத்தியது, கருமை அபாரம், லேசில் அழியாது. வழவழப்பான சார்ட் பேப்பரில் தூள் நிற்காது. பென்சிலை அழுத்திப் போட்ட கோடோ பள்ளமாகிவிடும். அழித்துவிட்டு மேலே சார்க்கோல் தேய்த்தால் வெள்ளைக் கீறலாக எட்டிப்பார்க்கும்.

மத்தீஸ் மாடலுக்கு மிக அருகில் உட்கார்ந்து வரைந்தவர். அதைப் பார்த்து மாணவர்கள் நெருங்கினால் கைகளும் முழங்காலும் பெருத்து, தலை சிறுத்துப்போகும். ஆறேழு அடி தள்ளி உட்காரட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாடலுக்கு 5 நிமிட ஓய்வு. எழுமுன் பாதத்தையும் நாற்காலிக் கால்களையும் சாக்பீஸால் குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால், மாடல் திரும்ப வந்து உட்காரும்போது தலை கொஞ்சம் திரும்பிவிடும், அந்தப் பக்கத்துக் கண் பாதி மூக்குக்குப் பின்னால் போய்விடும். திட்டு மட்டும் மாடலுக்கு!

முகம் பிடிபட்ட பிறகு பேனாவுக்குப் புதுத் தாள். சார்க்கோல் படத்தின் மேல் தாளை வைத்து நகலெடுக்கக் கூடாது. கை தயங்கும் இடத்திலெல்லாம் மை ஊறித் திட்டாகும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த படத்தின் கீழ் மையா, சார்க்கோலா என்ற குறிப்பே இல்லை. இனி ஊடகம், ஆண்டு, அளவு மூன்றையும் அச்சிடுங்கள். முடிந்தால் அதே மாடலின் சார்க்கோல் படம் ஒன்றையும் பக்கத்திலேயே போடுங்கள்.

ஓவிய ஆசிரியர்,
மதுரை