பதினாறாம் நாளுக்கு அப்புறம் யார் வருவார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

உறுப்பு தானம் செய்தவர்களுக்கு 2023 முதல் அரசு மரியாதை தரப்படுவது நல்ல விஷயம். ஆனால் அதற்கு முன்னால் ஐ.சி.யூ. வாசலில் நடப்பதை யாரும் எழுதுவதில்லை.

என் அக்கா கணவர் பைக் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது, இவர் எப்படி இறந்திருப்பார் என்று அக்கா ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்டர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஒரு பெண், தரையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு விடுவது வென்டிலேட்டர்தான் என்று நிதானமாகச் சொன்னார், மூளைச்சாவை உறுதிசெய்ய ஆறு மணி நேர இடைவெளியில் செய்யும் இரண்டாவது பரிசோதனை முடியும் வரை தானம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நாங்கள் மறுத்திருந்தாலும் அவர் எழுந்து போயிருக்க மாட்டார், அது எனக்கு நிச்சயம்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகும் அவர்தான் போன் செய்தார். அக்கா சாப்பிடுகிறாளா, பையன் பள்ளிக்கூடம் போகிறானா, வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தாச்சா என்று கேட்டார். அதெல்லாம் அவர் சொந்தப் பணத்தில், சொந்த நேரத்தில் செய்தது.

உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தம், தானம் பற்றிக் குடும்பத்தோடு பேசி ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அதற்குப் பதிவு பெற்ற மருத்துவமனைகளில் கட்டாயம் என்கிறது. சரி, தானம் தராத குடும்பங்களுக்கு? விபத்துப் பிரிவுள்ள ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இரவிலும் ஒரு சமூகப் பணியாளர் வேண்டும், இறப்புக்குப் பின் ஓராண்டு தொடர்பில் இருப்பது அவர் வேலையாகவே, சம்பளத்தோடு, இருக்க வேண்டும்.

– ஒரு வாசகி, சேலம்