ஃபோர்சா ஹொரைசன் 6: யூக நோட்டு, டோக்கன் பணம் குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

தீபாவளி விடுமுறையில் நம் வீடியோ கேம் கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் விளையாட வரவில்லை, விசாரிக்க வந்தார்கள். "அண்ணா, ஜப்பான் எப்போது வரும்?" என்று கேட்டவர்கள் ஒரு பக்கம். "என்னங்க, சின்னப் பையன்களிடம் பணம் வாங்கிப் பந்தயம் கட்டுகிறீர்களாமே?" என்று கேட்டவர்கள் இன்னொரு பக்கம். முதல் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பதில் சொல்வேன். இரண்டாவது கேள்விதான் தூக்கத்தைக் கெடுத்தது. கவுண்டரில் நின்றபடி ஒவ்வொருவருக்காக விளக்கி மாளவில்லை என்பதால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

இந்த ஜப்பான் என்ன என்று தெரியாத பெற்றோருக்காக முதலில் சில வரிகள். பழைய வாடிக்கையாளர்கள் இதைத் தாண்டிப் போகலாம். ஃபோர்சா ஹொரைசன் என்பது கார் பந்தய விளையாட்டு. இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரில் இருக்கும் பிளேகிரவுண்ட் கேம்ஸ் செய்கிறது, மைக்ரோசாஃப்ட் வெளியிடுகிறது. ஒவ்வொரு பாகமும் ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளும். 2012இல் அமெரிக்காவின் கொலராடோ, 2014இல் தெற்கு பிரான்சும் வடக்கு இத்தாலியும், 2016இல் ஆஸ்திரேலியா, 2018இல் பிரிட்டன், 2021இல் மெக்சிகோ. துப்பாக்கி கிடையாது, ரத்தம் கிடையாது. கார் மரத்தில் மோதினால் மரம்தான் விழும். நம் கடையில் பத்து வயதுப் பையனையும் அவன் தாத்தாவையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைக்கக்கூடிய விளையாட்டு என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஒவ்வொரு பாகம் வரும்போதும் ரசிகர்கள் "அடுத்தது ஜப்பான்தானே?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மெக்சிகோ என்று அறிவித்த நாளில் கடையே இழவு வீடு மாதிரி ஆனது பலருக்கு நினைவிருக்கும். கடைசியில் 2025 செப்டம்பர் 25ஆம் தேதி, டோக்கியோ கேம் ஷோவில், ஆறாம் பாகம் ஜப்பானில்தான் என்று சொல்லிவிட்டார்கள். 2026இல் வரும் என்றார்கள். முதலில் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுக் கருவிகளான எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ், கூடவே கணினி. சோனியின் கருவியான பிளேஸ்டேஷன் 5இல் அதற்குப் பிறகுதான். இதை எழுதும்வரை அவர்கள் வாயால் சொன்னது ஏறத்தாழ இவ்வளவே. வந்தது ஒரு சின்ன முன்னோட்டக் காட்சி. விளையாடும் காட்சிகள் 2026 தொடக்கத்தில் என்றார்கள். மீதி எல்லாம் நம் கடையில் தயாரானது.

அந்தத் தயாரிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. இத்தனை வருடக் கடையில் இவ்வளவு கலகலப்பான வாரங்களை நான் பார்த்ததில்லை. டோக்கியோவின் ஷுட்டோ நெடுஞ்சாலை முழுதாக இருக்குமா, யோகோஹாமா பக்கம் கார் பிரியர்கள் இரவில் கூடும் டைகோகு பார்க்கிங் இருக்குமா, ஹருனா மலைப்பாதை உண்டா என்று பொறியியல் கல்லூரிப் பையன்கள் சுவரில் வரைபடம் ஒட்டிச் சண்டை போட்டார்கள். நிக்கோவின் இரோஹாசாக்கா மலைப்பாதையில் 48 வளைவுகள் என்று ஒருவர் சொன்னதும், "ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி, நாங்கள் பார்க்காததா?" என்று ஆனைமலைத் தம்பி எழுந்து நின்றார். பக்கத்திலிருந்த நாமக்கல்காரர் கொல்லிமலையின் 70 வளைவுகளைச் சொல்லி இருவரையும் உட்கார வைத்தார். நான்காம் பாகத்தில் இருந்ததுபோல நான்கு பருவங்களும் மாறி மாறி வருமா, ஃபூஜி மலையில் பனிமேல் ஓட்டலாமா என்பது இன்னொரு வழக்கு.

எனக்குப் பிடித்த வாதம் வேறு. ஜப்பானில் நம்மைப்போலவே சாலையின் இடப்பக்கம் போகவேண்டும், ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். மெக்சிகோவில் எதிர்ப்பக்கம் ஓட்டி ஓட்டி, வெளியே வந்து வண்டி எடுக்கையில் ஒரு நொடி தடுமாறியவர்கள் உண்டு. இனி அந்தத் தொல்லை இருக்காது. கார் விஷயத்தில் மட்டும் என் எச்சரிக்கையைக் கேளுங்கள்: ஜப்பான் என்பதால் எல்லா ஜப்பானிய காரும் முதல் நாளே இருந்துவிடும் என்று எண்ணவேண்டாம். நான்காம் பாகம் வந்தபோது டொயோட்டாவின் சாலைக் கார்கள் அதில் இல்லை. அவர்களின் சூப்ரா கார் வந்து சேர 2019 ஆனது. எந்தக் கார் வரும் என்பதை ரசிகர்களின் ஆசை முடிவு செய்வதில்லை, கார் நிறுவனங்களோடு போடும் உரிம ஒப்பந்தம் முடிவு செய்கிறது. அதே நான்காம் பாகம் உரிமங்கள் காலாவதியாகி 2024 டிசம்பர் 15 முதல் இணையக் கடைகளில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. நம் அலமாரியில் அதன் டிஸ்க் இருக்கிறது. அது விற்பனைக்கு இல்லை; தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி நோட்டு விஷயம்.

சண்டை முற்றியதால் கவுண்டரில் ஒரு நீள நோட்டைப் போட்டோம். யார் வேண்டுமானாலும் தம் யூகத்தை எழுதலாம்: எந்த மாதம் வரும், எந்த மலை இருக்கும், எந்தக் கார் அட்டைப்படத்தில் வரும். காசு கிடையாது. பரிசு கிடையாது. சரியாகச் சொன்னவர் மற்றவர்களைப் பார்த்து ஒரு வருடம் சிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இது ஒரு கணக்கு.

இன்னொரு கணக்கு, டோக்கன். புது விளையாட்டு வரும் வாரத்தில் ஸ்டீயரிங் இருக்கைக்கு எப்படி அடிதடி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்த வாரத்துக்கு முன்கூட்டியே இடம் பிடிக்க விரும்பியவர்களிடம் 200 ரூபாய் டோக்கன் வாங்கினோம். நாம் கேட்டு வாங்கவில்லை, அவர்களாகவே கொடுத்தார்கள். அந்த 200 ரூபாயும் ஆட்ட நேரத்தில் கழியும். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதில் யாரும் தோற்பதுமில்லை, ஜெயிப்பதுமில்லை, இதிலும் அப்படித்தான்.

இரண்டு கணக்கும் ஒரே நோட்டில் இருந்தன. அப்போது கவுண்டரைப் பார்த்துக்கொண்ட தம்பி சிக்கனக்காரர். பெயர், அதற்கு நேரே யூகம், அதற்கு நேரே டோக்கன் தொகை என்று கோடு போட்டு அழகாக எழுதியிருந்தார். அவருக்கு இப்போது பெங்களூரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். போனவர் தலையில் பழி போடும் பழக்கம் எனக்கில்லை. அந்தப் பக்கத்தை யாரோ போட்டோ எடுத்து ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். "இரோஹாசாக்கா, மே மாதம், 200" என்று ஒரு பையனின் பெயருக்கு நேரே இருந்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பக்கத்தின் தலைப்பிலேயே "இடம்" என்று எழுதியிருந்தது. போட்டோவில் அந்த மேல்வரி வெட்டப்பட்டிருக்கிறது. தற்செயலாக வெட்டுப்பட்டதா, வேண்டுமென்றே வெட்டினார்களா என்ற ஆராய்ச்சியில் இறங்க எனக்கு விருப்பமில்லை. மேல்வரி இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். நோட்டு கடையில்தான் இருக்கிறது. எந்தப் பெற்றோரும் வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இதில் என்னைச் சுட்ட சொல் சூதாட்டம் என்பது. "கேம் வரவே வராது, வருகிறது என்று சொல்லிப் பணம் கறக்கிறார்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக்கூட விட்டுவிடலாம், விளையாட்டு வரும், அன்று அவரே பதில் தெரிந்துகொள்வார். சூதாட்டம் என்பது வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் இயற்றியபோது, நம் கடைச் சுவரில் அந்தச் செய்தித்தாள் பக்கத்தை ஒட்டி வைத்தவன் நான். பணம் வைத்து ஆடும் செயலியைக் கடையில் திறந்தால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று கண்ணாடிக் கதவில் எழுதியிருக்கிறது. இரண்டு பேர் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு "தோற்றவன் டீ வாங்கணும்" என்று சொன்னால்கூட நான் சத்தம் போடுவேன் என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். அதற்காக என்னைக் கஞ்சன் என்று கேலி செய்தவர்களும் உண்டு. பள்ளிச் சீருடையில் வருபவர்களை வகுப்பு நேரத்தில் உள்ளே விடுவதில்லை. சாயங்காலம் ஆறரைக்கு மேல் சின்னவர்கள் இருந்தால் வீட்டுக்கு நானே போன் செய்கிறேன். இப்படி நடத்திய கடையைப் பற்றி அந்தச் சொல் வந்தபோது, அந்த வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும்; ஆனாலும் சொல்லிவிட்டேன்.

டோக்கன் ஏன் தேவைப்பட்டது என்றும் கேட்கிறார்கள். நம் கடையில் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 5. ஐந்தாம் பாகம் 2021 நவம்பரில் எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் வந்தது. பிளேஸ்டேஷனில் வர 2025 ஏப்ரல் 29 ஆனது. அதற்கும் டிஸ்க் கிடையாது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள மட்டுமே முடியும். டிஸ்க் என்றால் வாங்கலாம், விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம்; இறக்கிய விளையாட்டு வாங்கியவர் கணக்கோடு முடிந்தது. நம்மைப்போன்ற கடைக்கு அதில் மிஞ்சுவது மணிக்கட்டணம் மட்டும். ஆறாம் பாகமும் பிளேஸ்டேஷனில் பிந்தித்தான் வரும் என்பதால், முதல் நாளே உங்களை ஓட்ட வைக்க இரண்டாவது ஸ்டீயரிங் இருக்கையும் அதற்கு ஒரு எக்ஸ்பாக்ஸும் வேண்டியிருந்தது. கருவிகளின் விலை காலம் போகப் போகக் குறையும் என்று பழைய நாளில் சொல்வார்கள். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021இல் 49,990 ரூபாய்க்கு வந்தது, அடுத்த ஆண்டே 54,990 ஆனது. வாடகையும் மின்கட்டணமும் எந்தத் திசையில் போகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எத்தனை பேர் உறுதியாக வருவார்கள் என்று தெரியாமல் அவ்வளவு பணத்தை இறக்க முடியுமா? டோக்கனால் அது தெரிந்தது. இருக்கைக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது.

டோக்கன் வேண்டாம் என்று நினைப்பவர்கள் தாராளமாகச் சொல்லலாம். இப்போதிருக்கும் எந்த விளையாட்டிலும் அந்த 200 ரூபாய்க்கு இன்றே ஆடிக்கொள்ளலாம். ரொக்கமாக வேண்டுவோருக்குப் பொங்கல் கழித்துத் தருகிறோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் இனி டோக்கன் வாங்குவதாக இருந்தால் பெற்றோர் நேரில் வரவேண்டும்.

இந்தப் பேச்சுக்கு நடுவிலும் வந்துகொண்டே இருந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? 2005இல் 'நீட் ஃபார் ஸ்பீடு: மோஸ்ட் வான்டட்' என்ற கார் பந்தய விளையாட்டு வந்தபோது நான்கு பழைய கணினிகளோடு இருந்த கடை இது. அதில் வரும் நீல வெள்ளி பி.எம்.டபிள்யூ காருக்காக வரிசையில் நின்றவர்கள் இன்று தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த வாட்ஸ்அப் குழுவிலேயே "நான் அந்தக் கடையில் வளர்ந்தவன்" என்று எழுதியதை ஒரு தம்பி காட்டினார். அவர் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்துவிட்டு, தூசியோடு நேராக நம் கடைக்கு வந்து அதே வேகத்தில் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் கூட்டத்துக்கும், கடையடைக்கும் நேரத்தில் நாற்காலிகளை அடுக்கித் தரும் அக்கா தம்பி இருவருக்கும், தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்து கவுண்டரில் வைத்த அம்மாக்களுக்கும் என் நன்றி. நாமக்கல்காரருக்கும் நன்றி, அவர் இல்லாவிட்டால் வளைவுச் சண்டை இன்னும் முடிந்திருக்காது. டிசம்பர் 1 முதல் ஸ்டீயரிங் இருக்கைக்கு மணிக்கு 120 என்பது 150 ஆகிறது. மற்ற இருக்கைகளுக்குப் பழைய கட்டணமே.

கவுண்டருக்குப் புது ஆள் கிடைக்கும்வரை காலையில் பத்துக்குப் பதிலாகப் பதினொன்றுக்குத் திறக்கிறோம். ஞாயிறு மட்டும் வழக்கம்போல்.

அன்புடன்,
கடை உரிமையாளர்,
காந்திபுரம், கோவை.

பின்குறிப்பு: நோட்டு இப்போது இரண்டு. நீல அட்டை யூகத்துக்கு, சிவப்பு அட்டை டோக்கனுக்கு. நீல நோட்டில் தன் யூகத்தை அடித்துவிட்டு, வேறொன்றை எழுதி முந்தைய தேதி போட்ட அந்த அன்பர், மை நிறம் மாறியிருப்பதைக் கவனிக்கவும்.