சுவரைத் துளைப்பதற்கு முன்: வட ஆற்காட்டுக் கட்டடப் பொறியாளர்களுக்கும் அடுப்பு பொருத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியாளர்களே, மேஸ்திரிகளே, அடுப்பை விற்று வீட்டுக்கே வந்து பொருத்தித் தரும் வணிகர்களே,

வணக்கம். பழைய வட ஆற்காட்டின் இந்தப் பகுதி 2019-இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தாலும், வீடு கட்டுகிறவர்கள் இன்றும் ஒரே மேஸ்திரிக் கூட்டத்தையும் ஒரே கடைத்தெருவையும் நம்பித்தான் இருக்கிறார்கள் என்பதால், உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். இராணிப்பேட்டையில் கொதிகலன்களுக்கான விசிறிகளையும் புகைக்குழல்களையும் செய்யும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வீடுகளில் பொருத்தப்படும் பெல்லட் அடுப்பின் புகைக்குழாயை வெளிச்சுவர் வழியாக எப்படிக் கொண்டுபோக வேண்டும் என்பது ஒன்றே இம்மடலின் பொருள்.

வேலூர் வெயிலில் அறையைச் சூடாக்கும் அடுப்பு எதற்கு என்று சிரிப்பவர்கள் மார்கழி இரவில் ஏலகிரியில் தங்கிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மலையிலும், ஜவ்வாது மலையிலும் கட்டப்படும் ஓய்வு இல்லங்களுக்கு இத்தகைய அடுப்பு ஏற்றதுதான். மரத்தூளையோ கடலைத் தோலையோ கரும்புச் சக்கையையோ அழுத்தி, 6 முதல் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு உருளைகளாக்கியதே பெல்லட். கடலையும் கரும்பும் விளையும் நம் பக்கத்தில் அந்த எரிபொருளுக்கான மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே அடுப்பை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. உணவகங்களில் பாத்திரத்தை மேலே ஏற்றிச் சமைக்கும் திறந்த பெல்லட் அடுப்பைப் பற்றியும் இங்கே பேசவில்லை; கண்ணாடிக் கதவும், பெல்லட் கொட்டும் தொட்டியும், புகையை இழுத்து வெளியே தள்ளும் விசிறியும் கொண்ட மூடிய அடுப்பே இங்கு பேசப்படுவது.

இந்த அடுப்பைப் பொருத்தும்போது பலர் அதை விறகடுப்பைப் போலவே எண்ணிக்கொள்கிறார்கள். விறகடுப்பின் புகை, சூட்டினால் தானே மேலெழுந்து போகிறது; அதன் குழாயில் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால், இணைப்பில் சிறு இடைவெளி இருந்தாலும் அறைக்காற்று குழாய்க்குள் போகுமே தவிரப் புகை வெளியே வராது. பெல்லட் அடுப்பில் விசிறி வரைக்கும்தான் இந்த நிலை. விசிறியைத் தாண்டியதும் புகை தள்ளப்படுகிறது. குழாயின் உள்ளழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடக் கூடிவிடுகிறது. அங்கே ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் புகை அறைக்குள்தான் வரும். பெரிய கொதிகலன்களில் விசிறிக்குப் பிந்தைய புகைக்குழல் கட்டடத்துக்கு வெளியே இருப்பதால் அங்கு இது பெரிய சிக்கலாவதில்லை. வீட்டிலோ அந்தப் பகுதி வரவேற்பறைக்குள் இருக்கிறது. நான் சொல்ல வந்தவை அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

ஆகவே ஜி.ஐ. தகட்டைச் சுருட்டிச் செருகிய குழாய் இந்த அடுப்புக்கு ஆகாது. கல்நார் சிமெண்டுக் குழாயும் ஆகாது, அதன் இணைப்புகள் காற்றுப் புகாதபடி அடைபடுவதில்லை. பி.வி.சி. குழாயை இதற்குப் பயன்படுத்த நினைப்பதே ஆபத்து: 80 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும் அது, 100 பாகையை எளிதில் தாண்டும் புகையை எப்படித் தாங்கும்? பெல்லட் அடுப்புக்கென்றே செய்யப்படும் இரட்டைச் சுவர்க் குழாய் இருக்கிறது. உட்புறம் துருப்பிடிக்காத எஃகு, வெளிப்புறம் துத்தநாகம் பூசிய தகடு, பொதுவாக 3 அல்லது 4 அங்குல விட்டம். அதன் ஒவ்வோர் இணைப்பிலும் சூடு தாங்கும் சிலிக்கான் ரப்பர் வளையமோ, அதிகச் சூடு தாங்கும் சிலிக்கான் பசையோ இருக்க வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அந்தச் செலவை வாடிக்கையாளரிடம் மறைத்து அடுப்பின் விலையை மட்டும் சொல்லி விற்பது நேர்மையான வணிகம் ஆகாது.

துளை போடும்போது சுத்தியலும் உளியும் கொண்டு செங்கல்லைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்டுக் கலவையால் பூசி அடைக்கும் வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். சூடாகும்போது குழாய் நீளும், ஆறும்போது சுருங்கும். கலவையில் இறுகப் பிடித்துவைத்தால் ஒன்று பூச்சு வெடிக்கும், அல்லது குழாயின் இணைப்பு தளரும். கோர் கட்டர் கொண்டு வட்டமாகத் துளைத்து, சுவருக்கென ஓர் எஃகு ஸ்லீவ் (உறைக்குழாய்) வைத்து, அதற்குள் குழாய் தடையின்றி நகரும்படி விட்டு, வெளிமுகத்தை மட்டும் மழைநீர் புகாமல் அடைக்க வேண்டும். சுவரின் பருமனுக்குள் இணைப்பு எதுவும் வரக் கூடாது. செங்கல் சுவர் தீப்பற்றாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுவருக்குள் புதைத்த மின்கம்பிக் குழாயும், அதன்மேல் ஒட்டிய பி.வி.சி. பலகையும், அருகில் தொங்கும் திரையும் சூட்டைத் தாங்கமாட்டா. குழாயிலிருந்து எரியக்கூடிய பொருளுக்கு விட வேண்டிய இடைவெளியை அடுப்பின் கையேடும் குழாயின் கையேடும் தனித்தனியே சொல்கின்றன. இரண்டில் கூடுதலாக உள்ளதையே கடைப்பிடியுங்கள். மின்கம்பி எந்த வழியில் போகிறது என்பது வரைபடத்தில் இல்லாத வீடுகளில், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்காமல் துளை போடாதீர்கள்.

குழாய் வெளியே எங்கே முடிகிறது என்பதில்தான் நம் ஊரில் அதிகம் தவறு நேர்கிறது. அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் வகுத்த என்.எஃப்.பி.ஏ. 211 நெறி, விசிறியால் தள்ளப்படும் புகையின் வெளிமுனை, கதவு, சன்னல் போன்ற எந்தத் திறப்புக்கும் கீழே இருந்தால் 4 அடி, பக்கவாட்டில் இருந்தால் 4 அடி, மேலே இருந்தால் 1 அடி விலகியிருக்க வேண்டும் என்கிறது. விசிறி வைத்துக் காற்றை உள்ளிழுக்கும் திறப்பு 10 அடிக்குள் இருந்தால், வெளிமுனை அதைவிட 3 அடி உயரமாக இருக்க வேண்டும். பொது நடைபாதையின் மேல் வந்தால் குறைந்தது 7 அடி உயரம் வேண்டும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இரண்டு வீடுகளுக்கு நடுவே உள்ள சந்து பல இடங்களில் ஓர் ஆள் நடக்கும் அகலம்தான். அந்தச் சந்துக்குள் குழாயைக் கிடையாக நீட்டினால், நம் வீட்டுச் சன்னலிலிருந்து விலக்கிவைத்த புகை எதிர்வீட்டுச் சன்னலுக்குப் போய்ச் சேரும். சுற்றுச்சுவருக்கு அப்பால் இருப்பவர்களின் சன்னலும் சன்னல்தான் என்று நினைத்து அளவெடுங்கள். அதோடு, மாடியில் அறை எடுப்பது நம் ஊரில் பிள்ளையின் திருமணத்தோடு சேர்ந்துவரும் வேலை; இன்றைக்கு வெறும் சுவராக இருக்கும் இடத்தில் நாளை ஒரு சன்னல் திறக்கும்.

மின்வெட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகள் அதை அரிதாக நிகழும் ஒன்றாகக் கருதி எழுதப்பட்டவை. மின்சாரம் நின்றதும் பெல்லட்டை உள்ளே தள்ளும் திருகும் நிற்கும், புகையைத் தள்ளும் விசிறியும் நிற்கும். ஆனால் எரிகிண்ணத்தில் ஏற்கெனவே விழுந்த பெல்லட் அணையாது, காற்றுப் போதாமல் புகைந்துகொண்டிருக்கும். நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிகமாக உண்டாவது அப்படிப் புகையும் நேரத்தில்தான். கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளை நாளிதழ்களில் நாம் படித்திருக்கிறோம். அந்த உயிர்களைப் பறித்ததும் இதே வாயுதான்.

விசிறி நின்ற பிறகு புகையை வெளியே இழுக்கக்கூடியது குழாயின் செங்குத்து உயரம் ஒன்றே. குழாய்க்குள் 150 பாகை வாயு, வெளியே 25 பாகை காற்று என்று வைத்துக் கணக்கிட்டால், 3 மீட்டர் உயரம் சுமார் 10 பாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) இழுப்பைத் தரும். எங்கள் தொழிலில் சொல்வதானால் 1 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம். சுவரைக் கடந்து அப்படியே கிடையாக முடியும் குழாய்க்கு இந்த இழுப்பு ஏறக்குறைய இல்லை. அதே நேரத்தில், நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் நேரே முகத்தில் அடிக்கும் காற்று சுமார் 15 பாஸ்கல் அழுத்தத்தோடு குழாய்க்குள் தள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், மின்சாரம் அதிகம் போகும் அந்த மாதங்களிலேயே, வடக்கும் கிழக்கும் பார்த்த சுவரில் கிடையாக முடிந்த குழாய் என்ன செய்யும் என்பதை இந்த இரண்டு எண்களே காட்டுகின்றன. ஆகவே சுவருக்கு வெளியே வந்ததும், அடியில் சாம்பல் எடுக்கும் மூடியுடன் 'T' எழுத்து வடிவிலான ஒரு டீ இணைப்பை வைத்து, அங்கிருந்து குழாயைக் கூரை விளிம்புக்கு மேலே ஏற்றி, மழை மூடி போட்டு முடியுங்கள். ஏற்றும் உயரமும் வளைவுகளும் அடுப்பின் கையேடு அனுமதிக்கும் மொத்த நீளத்துக்குள் அடங்க வேண்டும். மூடியில் கொசுவலை கட்டாதீர்கள். கடலைத் தோல் பெல்லட் மரப் பெல்லட்டைவிடக் கூடுதல் சாம்பல் தருவதால் அந்த வலை விரைவில் அடைத்துக்கொள்ளும். இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுங்கள், ஆனால் அதை நம்பி உயரத்தைக் குறைக்காதீர்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதை எத்தனை வீடுகளில் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் உண்டு. சமையலறையும் வரவேற்பறையும் தடுப்பில்லாமல் ஒன்றாகக் கட்டப்படும் இன்றைய வீடுகளில், மணிக்கு 1000 கனமீட்டருக்கு மேல் காற்றை இழுப்பதாக விற்கப்படும் மின்சாரச் சிம்னி ஓடும்போது, சன்னல்களும் மூடியிருந்தால், வீட்டின் அழுத்தம் குறைந்து அடுப்பின் புகையையே உள்ளே இழுக்கும். அடுப்புக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்தே கொண்டுவரும் தனிக் குழாய்க்கு, புகைக்குழாய்த் துளை போடும் அன்றே இரண்டாவது துளையையும் போட்டுவிடுவது எளிது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். பொறியாளர்கள், கழிவுநீர்க் குழாயை வரைபடத்தில் காட்டுவது போலப் புகைக்குழாயின் பாதையையும் வெளிமுனையையும், அருகிலுள்ள சன்னல்களுக்கான தூரத்தோடு காட்டுங்கள். வணிகர்கள், சுவரைப் பார்க்காமல் அடுப்பை விற்காதீர்கள். தொலைபேசியில் அறையின் அளவைக் கேட்டு விலை சொல்வது போதாது. பொருத்தி முடித்ததும், நெருப்பு மூட்டாமல் விசிறியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பைச் சுற்றியும் எரியும் ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். அதன் புகை விலகித் தள்ளப்படும் இடத்தில் கசிவு இருக்கிறது. பிறகு அடுப்பை மூட்டி, சன்னல்களைத் திறந்துவைத்து, வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். அடுப்பு இருக்கும் அறையிலும் படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒவ்வொன்று மாட்டிய பிறகே சாவியை ஒப்படையுங்கள். பெல்லட் மூட்டைகளைக் காற்றோட்டமில்லாத சிறு அறையில் நிறைய அடுக்கிவைக்க வேண்டாம் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். குவித்து வைத்த பெல்லட் எரியாமலே அந்த வாயுவை மெல்ல வெளியிடும்.

ஏற்கெனவே நீங்கள் பொருத்திக் கொடுத்த அடுப்புகளை ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க இயலாதென்றால், படுக்கையறைச் சன்னலுக்குக் கீழே கிடையாக முடியும் குழாய்களிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
விசிறிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவன்,
இராணிப்பேட்டை