இன்ஜின் பாடம் எழுதுவோருக்கும் நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களே, வணக்கம்.

“ஸ்பார்க் பிளக்கில் பொறி தட்டியதும் கலவை எரிகிறது.” பெட்ரோல் இன்ஜின் பாடத்தில் இந்த ஒரு வரியோடு பிஸ்டனுக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். அந்த வரிக்குள் என்ன நடக்கிறது என்று புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின. சிலிண்டருக்குள் காற்று தாறுமாறாகச் சுழலும் கொந்தளிப்பைப் பாடத்தின் கடைசிப் பத்தியிலிருந்து முதல் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்கு போடுவோம். அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவையில், சாதாரண அழுத்தத்தில், சுடர் நொடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர்தான் முன்னேறும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் நடுவிலிருந்து சுவரைத் தொட 100 மில்லிநொடி ஆகும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இருப்பதோ 10 மில்லிநொடி. சரி, உள்ளே கலவை சூடாக இருக்கிறது, எரிந்த வாயு விரிந்து சுடரை முன்னே தள்ளுகிறது. அதற்காக வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினாலும் ஒரு முழுச் சுற்று தேவை. பிஸ்டன் கீழே போய்த் திரும்பியே வந்துவிடும். நிஜத்தில் எரிதலின் பெரும்பகுதி ஒரு சுற்றில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குக்குள் முடிகிறது.

எப்படி? வால்வு வழியே பாயும் காற்று பெரிதும் சிறிதுமான சுழல்களாக உடைகிறது. அவை சுடரின் முகப்பைக் கசக்கி மடிக்கின்றன. மடிப்பு கூடக் கூடப் பரப்பு கூடுகிறது, அதே கால அளவுக்குள் அதிகக் கலவை எரிகிறது. எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது இன்னொன்று: இன்ஜினின் வேகம் இரட்டித்தால் கொந்தளிப்பும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. நேரம் சுருங்கும்போது சுடரும் விரைகிறது. 1000 சுற்றில் ஓடும் இன்ஜின் 6000 சுற்றிலும் ஓடுவது அதனால்தான்.

1910களின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்துப் பொறியாளர் டுகால்ட் கிளெர்க் இதைச் சோதித்துக் காட்டினார். உள்ளே வந்த கலவையை உடனே பற்றவைக்காமல், அடைத்து வைத்தபடியே சில முறை அழுத்தி விரியவிட்டு, அப்புறம் பொறி கொடுத்தார். அதற்குள் சுழல்கள் அடங்கிவிட்டன. அதே கலவைதான், ஆனால் எரிதல் மிகவும் மந்தமாகிப் போனது.

ஆனால் கொந்தளிப்பு கூடக் கூட நல்லது என்றும் எழுதிவிடாதீர்கள். பிறந்த சுடர் குருத்து போன்றது. சுழல்களைவிடச் சிறியதாக இருக்கும்போது அவை அதை மடிப்பதில்லை, அப்படியே தூக்கிச் செல்கின்றன. எந்தப் பக்கம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும். அடுத்தடுத்த எரிதல்கள் ஒன்றுபோல் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கொந்தளிப்பு அளவு மீறினால் சுடர் அணைந்தே போகலாம். சுவர் வழியே போகும் வெப்பமும் கூடும்.

ஆட்டோ சுழற்சியின் (Otto cycle, பெட்ரோல் இன்ஜினின் இலட்சிய மாதிரி) அழுத்தம்-கனஅளவுப் படத்தில், எரிதல் ஒரே கணத்தில் முடிவதாகக் கொண்டு அதைச் செங்குத்துக் கோடாக வரைகிறீர்கள். நிஜ இன்ஜினில் அந்தக் கோடு சாய்ந்தே இருக்கும். அடுத்த முறை வரையும்போது, அதை இவ்வளவாவது நிமிர்த்தி வைப்பது எது என்று வகுப்பில் கேளுங்கள். விடையை உடனே சொல்லாமல் கிளெர்க்கின் சோதனையை முதலில் விவரியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்